ஓர் அறையும் ஒரு ஜெபக் குறிப்பும்

1

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் திடப்படுத்தல். டென்மார்க்கில் வசந்தம் பிறந்தால் தெருவுக்குத் தெரு இந்தத் திருவிழாதான். சிறு வயதில் ஞானஸ்நானத்தின்போது பெற்றோர் தங்களுக்காகச் சொன்ன ‘ஆம்’ என்ற வார்த்தையை, பதினான்கு வயதில் பிள்ளைகள் கோயிலில் நின்று தாங்களே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வெளியே வந்தால் கூடாரம், விருந்து, பரிசுப் பொட்டலங்கள், வாடகைக்கு எடுத்த பழைய காலத்துக் கார். அந்தக் குடும்பம் மறுபடி கோயில் வாசலை மிதிப்பது அடுத்த பிள்ளையின் திடப்படுத்தலுக்குத்தான்.

விருந்தில் பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் கேட்டாள். “உங்கள் மகள் பெனிட்டாவுக்குப் போன வருஷமே முடிந்திருக்குமே?”

“இல்லை. அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.”

“ஓ, ஸுன்” என்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

இந்த மொழியில் அந்தச் சொல்லுக்குப் பாவம் என்று பொருள். போதகர் பிரசங்கத்தில் சொன்னால் மனிதன் செய்கிற பாவம். பக்கத்து வீட்டில் சொன்னால் ‘அடடா, பாவமே’ என்கிற பாவம். நம் தமிழிலும் அப்படித்தான். ஆனால் நமக்கு எந்தப் பாவம் எது என்று கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். இங்கே எனக்கு இத்தனை வருடம் கழித்தும் ஒரு நொடி திக்கென்கிறது. சென்ற வருடம் இதே நாட்களில் இந்தச் சொல்லால் நான் பட்ட பாட்டை ஊரில் இருப்பவர்களுக்கு எழுதலாம் என்று அந்த விருந்தில்தான் தோன்றியது. ஊரில் பாதிப் பேருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுக்கதை இது.

நான் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துக் குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. அப்பா பண்ணை வேலை பார்த்தவர். கடைசிக் காலத்தில் சொந்தமாக இரண்டு மா நிலத்தில் நட்டு அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். வந்த புதிதில் அங்கே ஒரு பெரியவர் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வயிறு நிறைந்துவிட்டது என்பதை ஆங்கிலத்தை வைத்து ஊகித்து, “யாய் ஏர் ஃபுல்” என்றேன். அதற்கு ‘நான் குடித்திருக்கிறேன்’ என்று அர்த்தமாம். காலை பத்து மணிக்கு, சீருடையோடு. இன்றைக்கும் அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தால் கண்ணாடிக் குவளையைத் தூக்கிக் காட்டுகிறார்.

தரங்கம்பாடியைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. இந்த நாட்டு ராஜா அனுப்பிய கப்பலில்தான் எங்கள் வேதம் அந்தக் கரைக்கு வந்தது என்று வேலை இடத்தில் ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். “அப்படியா? எங்களை மன்னித்துவிடு” என்றாள் கூட வேலை பார்க்கும் பெண். நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

2

கிருபா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரில் ஒரே விடுதியில் இருந்தோம். அக்கா ஆசிரியப் பயிற்சி, நான் நோயாளிகளைப் பராமரிக்கும் படிப்பு. பிறகு அக்கா எங்கள் ஊருக்கே வாழ்க்கைப்பட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் டீச்சர், வீட்டுக்காரரோடு சேர்ந்து விவசாயம், கோயிலில் பெண்கள் ஐக்கியத்துச் செயலாளர். எனக்கு விசா வந்த வாரம் வீட்டுக்கு வந்து என்னைத் தனியே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“இங்க ஒருநாள் கோயிலுக்கு வரலைன்னா தெருவே கேக்கும். அங்க வருஷம் முழுக்க வரலைன்னாலும் உன்னை யாரு கேக்கப்போறா? நான் கேக்குறேன். நீயும் என்னைக் கேளு. வாரம் ஒருதடவை. ஒளிக்காம சொல்லிக்கணும், அப்புறம் சேர்ந்து ஜெபிக்கணும். அவ்வளவுதான்.”

எனக்கு அது பிடித்திருந்தது. தெரு கேட்பது எனக்குப் பிடிக்காது. எங்கள் கோயிலில் நற்கருணைக்கு எழுந்து போகாமல் பெஞ்சிலேயே ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும். திங்கட்கிழமை களையெடுக்கிற இடத்தில் அதற்கான காரணம் அலசப்படும். குடித்தாரா, மனைவியை அடித்தாரா, தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லையா? ஒருவர் பாரத்தை ஒருவர் சுமப்பது என்று பிரசங்கத்தில் கேட்போம். வெளியே வந்ததும் ஒருவர் பாவத்தை மற்றவர் வாயில் போட்டு மெல்வோம். அதற்கு இரண்டே பேர் எவ்வளவோ மேல்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பேசுகிறோம். இங்கே காலைக் காபி, அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரம். என்னை அக்கா கேட்பது கோபத்தைப் பற்றி. அது என் பிறவிக் குணம். நின்ற இடத்தில் கொதிப்பேன். அக்காவை நான் கேட்பது வாயைப் பற்றி.

“இந்த வாரமும் அடக்க முடியலடி எஸ்தரு” என்றுதான் ஆரம்பிப்பார். “கொள்முதல் நிலையத்துல நெல்லைக் கொட்டிட்டு, மழை வருமா வராதான்னு வானத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். பக்கத்துக் குவியல் நம்ம ரோஸி சித்தியோடது. சும்மா இருக்க முடியுதா? அவங்க நாத்தனார் மருமக கோவிச்சுக்கிட்டுப் போன கதைய எடுத்து விட்டுட்டேன்.”

“எந்த மருமக?” என்பேன் நான்.

அந்தக் கதை முடிய அரை மணி நேரம் ஆகும். பிறகு அதற்காக மன்னிப்புக் கேட்டு ஜெபிப்போம். இப்படியே வருடங்கள் ஓடின. நானும் கத்துவதை நிறுத்தவில்லை, அக்காவும் பேசுவதை நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரர் ஜான்சன், “இதுக்கு வாரம் ஒரு போன் எதுக்கு? வருஷத்துக்கு ஒருதடவை மொத்தமா சொல்லிக்கலாமே” என்று கேலி செய்வார். அதற்கும் எனக்குக் கோபம் வரும். அந்தச் சனிக்கிழமை அதையும் சொல்லிவிடுவேன்.

3

பெனிட்டா எங்கள் ஒரே மகள். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. ஜெபத்துக்குக் கண்ணை மூடுவாள், மூடிக்கொண்டு என்ன செய்வாள் என்று தெரியாது. போன வருடம் பள்ளியில் திடப்படுத்தலுக்குப் பெயர் கொடுத்தவர்கள் வகுப்பு முழுவதும். இவள் மட்டும் கொடுக்கவில்லை. எனக்கு அது போதகர் போன் செய்து கேட்ட பிறகுதான் தெரிந்தது.

ஒரு வியாழக்கிழமை. வேலையிலிருந்து வந்து அரிசியைக் களைந்துகொண்டே கேட்டேன். அவள் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்.

“எல்லாரும் கிஃப்டுக்காகத்தாம்மா யெஸ் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இருக்கான்னு எனக்கே தெரியல. தெரியாம யெஸ் சொன்னா அது பொய். சர்ச்ல நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா?”

இப்போது நினைத்தால் அது நல்ல கேள்வி. அப்போது எனக்குக் காதில் விழுந்தது ‘நம்பிக்கை இல்லை’ என்பது மட்டும்தான். தாத்தா சேற்றில் நின்று வேலை பார்த்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டு கோயிலுக்கு ஓடினதைச் சொன்னேன். என் திடப்படுத்தலுக்கு ஞானோபதேசக் கேள்வி பதிலை நான் வரி தவறாமல் ஒப்பித்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

“அது தாத்தா, அது நீங்க” என்றாள். பிறகு ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னாள். “நீங்க மட்டும் என்னவாம்? சனிக்கிழமையானா கிருபா ஆன்ட்டிகிட்ட, ‘கோபப்பட்டுட்டேன் அக்கா, ஜெபிங்க’ன்னு அழறீங்க. ஞாயித்துக்கிழமையே எங்கிட்டக் கத்துறீங்க. திரும்ப சனிக்கிழமை அழறீங்க. நம்பிக்கைன்னா இதுதானாம்மா?”

அறைந்துவிட்டேன்.

ஈரக் கை. கன்னத்தில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டது. அவள் அழவில்லை. அரிசியைத் துடைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அழுதது நான்தான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

4

ஊரில் என் அம்மாவிடம் நான் வாங்காத அடியா? அடுத்த வேளைச் சோற்றோடு அது மறந்துபோகும். இங்கே பிள்ளையை அடிப்பது சட்டப்படி குற்றம். எனக்குத் தெரியாததல்ல. மறுநாள் வகுப்பில் அவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்து ஆசிரியை கேட்டிருக்கிறாள். இவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். கேட்டவுடன் நகராட்சிக்குத் தெரிவிப்பது ஆசிரியையின் கடமை. தெரிவித்துவிட்டாள்.

இங்கே அரசாங்கம் எதையும் காகிதத்தில் அனுப்புவதில்லை. எல்லாம் போனில் இருக்கும் மின்தபால் பெட்டிக்கு வரும். பல் மருத்துவர் நினைவூட்டலும் அதில்தான், இதுவும் அதில்தான். வெள்ளிக்கிழமை மாலை ‘டிங்’ என்றது. திறக்க ரகசிய எண், பிறகு இன்னொரு செயலியில் சம்மதம், பிறகு மறுபடி ரகசிய எண். அவசரத்தில் இரண்டு முறை தவறாகிப் பெட்டி பூட்டிக்கொண்டது. நான் எதற்காகக் கூப்பிடப்படுகிறேன் என்பதைத் தெரிந்துகொள்ள ஜான்சன் வேலை முடிந்து வந்து தனக்கு வந்ததைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. செவ்வாய்க்கிழமை இருவரும் குடும்பப் பிரிவுக்கு வர வேண்டும். மகளிடம் திங்கட்கிழமை பள்ளியிலேயே தனியாகப் பேசிக்கொள்வார்கள்.

ஜான்சன் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு, “கை தவறிப் பட்டுட்டுதுன்னு சொல்லு” என்றார்.

“அது பொய்ங்க.”

“தெரியும். புள்ளைய எடுத்துக்கிட்டுப் போனா என்ன செய்வ? போலீஸ் கேஸ் ஆச்சுன்னா குடியுரிமை விண்ணப்பம் என்னாகும்? பொய்யோ மெய்யோ, ஒரு தடவை சொல்லிட்டு வந்துடு. அப்புறம் உன் அக்காகிட்டச் சொல்லி அழுதுக்கோ.”

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோனவர்.

சனிக்கிழமை அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அறைந்ததை, அரிசியை, மின்தபாலை, ஜான்சன் சொன்னதை. அக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

“அடிச்சது அடிச்சதுதான். அதுமேல பொய்யையும் ஏத்தி வெக்காத எஸ்தரு. பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னதுக்காகத்தான் அந்தப் புள்ள உன்கிட்ட அடி வாங்கியிருக்கு. அதுமுன்னாடி போயி நீ பொய் சொல்லுவியா?”

ஜெபித்தோம். போனை வைத்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. இப்படி ஒரு அக்காவைக் கொடுத்ததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொன்னேன். அந்த ஸ்தோத்திரம் திங்கட்கிழமை வரைக்கும்தான் நிலைத்தது.

5

திங்கட்கிழமை. முதியோர் இல்லத்தில் ஒருவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து போன். அம்மா அந்த நேரத்தில் கூப்பிடமாட்டார். நடைபாதைக்கு ஓடினேன்.

“எஸ்தரு, நீதானா? நல்லாயிருக்கியா? உள்ள சோறுகீறு போடுறாங்களா?”

“எந்த உள்ளம்மா?”

“ஜெயில்லதான்! புள்ளைய போலீஸ் தூக்கிட்டுப் போயிட்டுதாம், உன்னை உள்ள வெச்சிட்டாங்களாம். கோயில்ல ஆளாளுக்கு என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறாங்க. பாய் கடையில சீரகம் வாங்கப் போனா, அவரு கேக்குறாரு, ‘என்னம்மா, மகளுக்கு ஜாமீன் கெடச்சிதா’ன்னு!”

“ஜெயில்ல இருந்தா போனை எப்படிம்மா எடுப்பேன்?”

“அதைத்தான் பாயும் சொன்னாரு. அவரு மவன் துபாயில இருக்கான்ல, வெளிநாட்டு விவரம் தெரியும். ‘அழுவுறதுக்கு முன்ன ஒரு போன் போட்டுப் பாருங்கம்மா’ன்னாரு.”

அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு விசாரித்தேன். சனிக்கிழமை மாலையே பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸ்அப்பில் செயலாளர், நம் கிருபா அக்காதான், ஒரு ஜெபக் குறிப்பு போட்டிருக்கிறார். ‘வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சகோதரி ஒருவருக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள். கோபத்தில் பிள்ளையை அடித்துவிட்டதால் அரசாங்கம் விசாரிக்கிறது. பெயர் வேண்டாம்.’

பெயர் வேண்டாமாம். எங்கள் சபையில் பிள்ளையோடு வெளிநாட்டில் இருக்கும் சகோதரி நான் ஒருத்திதான். விசாரிக்கிறது என்பது ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் பிடித்துவிட்டது என்றாகி, மதியச் சாப்பாட்டுக்குள் அடைத்துவிட்டது என்றாகிவிட்டது.

அங்கிருந்தே அக்காவைக் கூப்பிட்டேன். நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

“பேரு போடலையேடி” என்றார்.

“பேருக்குப் பதிலா என் போட்டோவைப் போட்டிருந்தாக்கூட இவ்வளவு தெளிவா இருந்திருக்காது!”

“நாலு பேரு சேர்ந்து ஜெபிச்சா நல்லதுதானேன்னு...”

“உங்ககிட்டச் சொன்னது உங்களுக்கு. நாலு பேருக்கு இல்ல. பாய் கடைக்கு இல்ல!”

அக்காவின் குரல் மாறியது.

“என் வாய் இப்படின்னு உனக்குத் தெரியாதா? வருஷக்கணக்கா அதைத்தானே உங்கிட்டச் சொல்லி அழுவுறேன். நீ என்னைக்காவது ‘போதும் அக்கா, நிறுத்துங்க’ன்னு சொன்னியா? ‘எந்த மருமக? அப்புறம் என்னாச்சு?’ன்னுதானே கேட்ட?”

போனை வைத்துவிட்டேன். தப்பைச் செய்தது அவர். அதில் என்னையும் பங்காளியாக்குகிறாரே என்று அப்படி ஓர் ஆத்திரம். காலுறையைப் பாதியில் விட்டுவந்த பெரியவர் உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

6

செவ்வாய்க்கிழமை நகராட்சி அலுவலகம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். இந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு வரும் தமிழர் ஒருவர்தான். எங்கள் தமிழ் ஐக்கியத்தில் கீபோர்டு வாசிப்பவர். ஒரு ஜெபக் குறிப்பே போதும் என்று வேண்டாம் என்றுவிட்டேன்.

அதிகாரி மெட்டே என்று ஒரு பெண். என்னைவிட இளையவள். மேசைமேல் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்து, காபி ஊற்றி, கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு போலீஸ்காரர் அதட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வியாழக்கிழமை என்ன நடந்தது?” என்றாள்.

ஜான்சன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். கை தவறிப் பட்டுவிட்டது என்ற வாக்கியத்தை டேனிஷ் மொழியில் இலக்கணப் பிழையில்லாமல் மனப்பாடம் செய்துகொண்டுதான் போயிருந்தேன். வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு நினைப்பு வந்தது. சனிக்கிழமை அக்காவிடம் என்ன சொல்வேன்?

அக்காவோடுதான் பேச்சுவார்த்தையே இல்லையே. இனி வாழ்நாளில் போன் செய்வதில்லை என்று முந்தின நாள்தான் முடிவு செய்திருந்தேன். இருந்தாலும் அந்தக் கேள்வி போக மாட்டேன் என்கிறது. இத்தனை வருடம் வாராவாரம் கேட்டுக் கேட்டு, ஆளே இல்லாவிட்டாலும் கேள்வி மட்டும் வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. இதைவிட எரிச்சலான விஷயம் உலகத்தில் இருக்க முடியாது.

“அடித்தேன்” என்றேன். “கன்னத்தில் அறைந்தேன். அவள் சொன்னது உண்மை. அது எனக்குப் பொறுக்கவில்லை.” அதோடு நிறுத்தாமல், நான் செய்தது பாவம் என்பதையும் சொல்லிவிட நினைத்து, “டெ வார் ஸுன்” என்றேன்.

மெட்டே கனிவோடு தலையாட்டினாள். “ஆமாம், பெனிட்டாவுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.”

“இல்லை இல்லை, அந்த ஸுன் இல்லை. மற்ற ஸுன். கடவுளுக்கு முன்னால்...”

அவள் புரியாமல் பார்த்தாள். ஜான்சன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பாவத்தை ஒத்துக்கொள்வதற்குக்கூட இந்த ஊரில் அகராதி தேவைப்படுகிறது. கடைசியில், “நான் செய்தது தப்பு. அவள்மேல் ஒரு தப்பும் இல்லை” என்று சின்னப் பிள்ளைகளின் வாக்கியமாகச் சொன்னேன். அது புரிந்தது.

பெனிட்டா அவர்களிடம் ஏற்கெனவே எல்லாவற்றையும் உள்ளபடியே சொல்லியிருந்தாள். அறைந்ததையும், அதன் பிறகு நான் அழுததையும். மறைத்திருந்தால் பிரச்சினை பெரிதாகியிருக்கும் என்று மெட்டே சொன்னாள். ஜான்சன் என் காலிலிருந்து தன் காலை எடுத்தார். பிள்ளையை எங்கேயும் அனுப்பவில்லை. நாங்கள் இருவரும் சில மாதங்களுக்குக் குடும்ப ஆலோசகரிடம் வர வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்பும்போது கணினியில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று கேட்டாள். “கோபம் வரும்போது நீங்கள் பேசக்கூடிய ஆள் யாராவது இருக்கிறார்களா?”

“இந்தியாவில் ஒரு அக்கா இருக்கிறார்.”

“என்ன செய்வார்?”

“இந்த வாரம் கோபப்பட்டாயா என்று சனிக்கிழமைதோறும் கேட்பார்.”

மெட்டேயின் முகம் மலர்ந்தது. “அருமை! அதை விட்டுவிடாதீர்கள்.”

வெளியே வந்து காரில் ஏறும்வரை ஜான்சன் அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை.

7

அந்தச் சனிக்கிழமை நான் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. அக்காவும் கூப்பிடவில்லை. அந்த நேரத்துக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். எங்கள் வீடு அந்த நாட்களில் இருந்ததுபோல் முன்னும் பின்னும் சுத்தமாக இருந்ததில்லை.

ஒரு நாள் அம்மா போனில் சொன்னார்.

“கிருபா டீச்சரு பெண்கள் ஐக்கியத்துல எந்திரிச்சி நின்னுடிச்சிடி. ‘எஸ்தரு ஜெயிலுக்குப் போகல, புள்ளைய யாரும் எடுக்கல. அவ என்னை நம்பிச் சொன்னதை நான் ஜெபம்னு பேரு வெச்சி ஊருக்குச் சொல்லிட்டேன். எனக்குப் புறம்பேசுற பாவம் ரொம்ப நாளா இருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க’ன்னு மைக்குல சொல்லுது. ஒருத்தியும் மூச்சு விடல. அவளுவளும் அதைத்தானே பண்ணிக்கிட்டிருந்தாளுவ? செயலாளர் பொறுப்பையும் விட்டுட்டுது. இப்ப அதப் பத்திதான் ஊரெல்லாம் பேச்சு.”

“அப்புறம்?” என்று என் வாயில் வந்துவிட்டது.

“அப்புறம் பாய் கடைக்கே நேரா போயிருக்கு. ‘எஸ்தரு பத்தி நீங்க கேள்விப்பட்டது பொய் பாய், என்னாலதான் கிளம்பிச்சு’ன்னு சொல்லியிருக்கு. அவரு, ‘டீச்சர், நான் அதை மறந்தே போயிட்டேன், நீங்க வந்து சொல்லித்தான் ஞாபகம் வருது’ன்னாராம்.”

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் உறைத்தது. பள்ளிக்கூட டீச்சர். பாதி ஊருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவர் கடை வாசலில் நின்று, சாமான் வாங்க வந்தவர்கள் கேட்க, அதைச் சொல்லியிருக்கிறார். என் பாவத்தை ஊர் அறியச் செய்தவர், அதற்கு ஈடாகத் தன் பாவத்தையும் அதே ஊருக்குக் கொடுத்துவிட்டார். இதற்குமேல் நான் எப்படி வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருக்க முடியும்?

அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டேன். இருவரும் அழுதோம். அழுது முடித்ததும் அக்கா, “இனிமே உங்கிட்ட நான் சொல்றதும், எங்கிட்ட நீ சொல்றதும், மூணாவது காதுக்குப் போகக் கூடாது. நான் வேற யாரு பேரையாவது எடுத்தா நீ தடுக்கணும்” என்றார். சரி என்றேன். இந்தக் கதையைக்கூட அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். தடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் ஓடிவிட்டது. ஊர் அக்காவை இன்னும் சீண்டுகிறது. அவர் கூட்டத்துக்குள் வந்தால், “டீச்சர் வர்றாங்க, ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்க” என்று யாராவது ஆரம்பிக்கிறார்களாம். குடும்ப ஆலோசகர் எனக்கு மூச்சை இழுத்துவிடக் கற்றுக்கொடுத்தார். பெனிட்டா திடப்படுத்தல் எடுக்கவில்லை, எடுப்பாளா என்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு வந்து பின்பெஞ்சில் உட்காருகிறாள். ஏன் வருகிறாய் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் வராமல் போய்விடுவாளோ என்று பயம்.

நேற்றும் சனிக்கிழமை. அக்காவுக்கு ஒரே ஆதங்கம்.

“குறுவைக்கு நாத்து விட்டுட்டு உக்காந்திருக்கோம், வாய்க்கால்ல தண்ணிய இன்னும் காணோம். இதுல நம்ம ரோஸி சித்தி இருக்காங்கல்ல, அவங்க மருமகன்...”

“அக்கா.”

“இல்லடி, இது ரொம்பச் சின்ன விஷயம்...”

“போதும் அக்கா, நிறுத்துங்க.”

அக்கா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்த மருமகன் என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது கர்த்தருக்குத்தான் தெரியும்.

“சரி, நீ சொல்லு” என்றார். “இந்த வாரம் எப்படி?”

“புதன்கிழமை கத்திட்டேன் அக்கா. பெனி ஈர ஷூவோட கம்பளத்துமேல நடந்துட்டா.”

“கை?”

“ஓங்கல.”

அடுத்த அறையிலிருந்து பெனிட்டாவின் குரல் வந்தது. பாடம் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். “ஓங்கினீங்கம்மா.”

போனைக் கையால் பொத்தினேன். பொத்தி என்ன பயன்? அக்காவுக்குக் கேட்டுவிட்டது. இரண்டு பக்கமும் நான் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

“ஓங்கினீங்க” என்றாள் பெனிட்டா மறுபடியும். “ஆனா எறக்கிட்டீங்க. அதையும் சொல்லுங்க.”